கிராண்ட் கேன்யன் படங்களில் நீல மூட்டம்: காரணமும் தீர்வும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அரித்து உருவாக்கிய கிராண்ட் கேன்யன் 446 கி.மீ. நீளமும், சில இடங்களில் 29 கி.மீ. அகலமும், 1.6 கி.மீ.க்கு மேல் ஆழமும் கொண்டது. தென் விளிம்பில் நின்று படமெடுத்தால், எதிர்ப்புறத்துச் செம்பாறைகள் பெரும்பாலும் வெளிறிய நீலமாகவே பதிகின்றன. இடையே நிற்கும் பல கிலோமீட்டர் காற்றே இதற்குக் காரணம்.

இருவகை மூட்டம்

காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீல ஒளியை நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. வானம் நீலமாகத் தெரிவதும் இதனால்தான். தூய காற்றிலும் இந்த மூட்டம் இருக்கும். தூசி, காட்டுத்தீப் புகை, அனல்மின் நிலையப் புகையிலிருந்து உருவாகும் சல்பேட் துகள்கள் ஆகியவை மற்றொரு வகை. இவை எல்லா நிறங்களையும் சிதறடிப்பதால் காட்சி வெண்மை பூசியதுபோல் மங்குகிறது.

படமெடுக்கும்போது

மழையோ பனிப்புயலோ ஓய்ந்த மறுநாள் துகள்கள் படிந்து காற்று தெளிந்திருக்கும். காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் விழும் வெயில், பாறை அடுக்குகளை நிழலால் பிரித்துக் காட்டும். சூரியனை எதிர்நோக்கி எடுத்தால் மூட்டமே ஒளிர்ந்து காட்சியை மறைக்கும்.

போலரைசர் வடிகட்டி, சூரியன் இருக்கும் திசைக்குச் செங்குத்தான திசையில் அதிகப் பலன் தரும். மூலக்கூறுகள் சிதறடித்த ஒளியை அது நன்கு தடுக்கும். அடர்ந்த புகைக்கு முன் அதன் பலன் குறைவு. அகலக் கோண லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருத்துவிடக்கூடும். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குச் சிவப்பு வடிகட்டி உதவும். அகச்சிவப்பு ஒளி இன்னும் குறைவாகவே சிதறுவதால், அதில் எடுத்த படங்களில் தொலைதூர விளிம்புகள் தெளிவாக விழுகின்றன.

கணினியில்

ரா (RAW) கோப்பாக எடுத்த படத்தில் திருத்த இடம் அதிகம். மூட்டமில்லாத படத்தில், வானம் நீங்கலான பெரும்பாலான சிறு பகுதிகளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றாவது ஏதாவது ஒரு புள்ளியில் மிகக் குறைவாக இருக்கும். அப்படி இல்லாவிட்டால், அங்கே கூடியிருப்பது மூட்டத்தின் ஒளி என்று கணித்துக் கழித்துவிடலாம். கைமிங் ஹே, ஜியன் சன், சியாவோ டாங் ஆகியோர் 2009இல் முன்வைத்த முறை இது. லைட்ரூம் மென்பொருளில் 2015இல் மூட்டத்தைக் குறைக்கும் 'டீஹேஸ்' வசதி வந்தது. அதை முழுப் படத்துக்கும் கூட்டினால் வானம் கருக்கும், தொலைவில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் தெரியும். தொலைப் பகுதியை மட்டும் தேர்ந்து அளவாகக் கூட்டுவதே சரி.

மூட்டத்தை முற்றிலும் துடைத்துவிடவும் கூடாது. அடுத்தடுத்து வெளிறும் பாறை வரிசைகளைக் கொண்டே கண் தொலைவை அளக்கிறது.

காற்றிலேயே தீர்வு

தேசியப் பூங்காக்களின் காட்சித் தெளிவைக் காக்க அமெரிக்கா 1977இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியது. பேஜ் நகருக்கு அருகிலிருந்த நவாஹோ அனல்மின் நிலையம் கந்தக டை ஆக்சைடு வெளியேற்றத்தை 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 1991இல் உத்தரவிடப்பட்டது. அந்த நிலையம் 2019இல் மூடப்பட்டது. மென்பொருள், சென்சாரை எட்டிய ஒளியை மட்டுமே திருத்தும். புகை விழுங்கிய பாறையை மீட்டுத் தராது. அதைக் காட்டத் தூய காற்றுதான் வேண்டும்.