உங்களுக்குத் தெரியுமா? ஏர்டோஷ் எண்

ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கு எவ்வளவு செல்வாக்கு என்று எப்படி அளப்பது? 2005-இல் இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் தந்த அளவு ஹெச்-குறியீடு. குறைந்தது 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஒருவருக்கு 20 இருந்தால், அவர் குறியீடு 20.

கணிதக்காரர்களுக்குப் பிடித்த எண்ணோ வேறு. ஹங்கேரியின் பால் ஏர்டோஷ் (1913–1996) சொந்த வீடில்லாமல், பெட்டியும் கையுமாக ஊர் ஊராகச் சென்று, 500-க்கும் மேற்பட்டவர்களுடன் சேர்ந்து கட்டுரை எழுதியவர். அவரோடு எழுதியவருக்கு ஏர்டோஷ் எண் 1. அப்படிப்பட்டவரோடு எழுதியவருக்கு 2. ஐன்ஸ்டைனின் எண் 2! இது நெருக்கத்தைக் காட்டுமே தவிர, தகுதியை அல்ல. ஆனாலும் அறிவு கைமாறும் பாதையை இவ்வளவு அழகாகக் காட்டும் எண் வேறில்லை.

இதில் சென்னைக்கும் பங்குண்டு. கிருஷ்ணசுவாமி அல்லாடி சென்னையில் கல்லூரி மாணவராக இருந்தபோது, ஓர் எண்ணின் பகாக் காரணிகளைக் கூட்டினால் என்ன கிடைக்கும் என்று ஆராய்ந்தார் (12 = 2×2×3; கூட்டினால் 7). அதைப் பற்றி ஏர்டோஷுக்குக் கடிதம் போட்டார். 1975 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியா போகவிருந்த அந்த மேதை, இந்த இளைஞரைப் பார்ப்பதற்காகவே சென்னை வழியாகப் பயணத்தை மாற்றிக்கொண்டார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1977-இல் வெளிவந்தது. அல்லாடியின் ஏர்டோஷ் எண் 1.