வடகடல் வேட்டைக்காரர் தென்கடல் வந்த வரலாறு

முத்துச்சலாபம் நடைபெற்ற நாட்களில் நம் தூத்துக்குடிக் கரையினின்று தோணிகள் ஒன்றிரண்டாகப் புறப்பட்டுச் செல்லவில்லை. நள்ளிரவு கடந்து கரைக்காற்று எழுந்ததும் அவை ஒருசேரப் பாய்விரித்துப் பாருக்குச் சென்றன. பிற்பகற் கடற்காற்றில் ஒருசேரத் திரும்பின. சுறாவுக்கு அஞ்சிய மூழ்குநர், ‘கடல்கட்டி’ எனப்பட்ட மந்திரக்காரர் காவலின்றி நீரில் இறங்கத் தயங்கினர். மந்திரம் சுறாவின் வாயைக் கட்டிற்றோ இல்லையோ, யானறியேன். அத்தனை தோணிகள் ஒருங்கே எழுப்பிய ஆரவாரமும் அதற்குத் துணைசெய்திருக்கும் என்பதே என் எண்ணம். தனித்துச் செல்வோனைக் கடல் எளிதிற் கொள்ளும் என்பதை நம் பரதவர் ஏட்டுக்கல்வியின்றியே அறிந்திருந்தனர். அவ்வறிவை இரண்டாம் உலக யுத்தத்திற் பேரரசுகள் மிக்க விலைகொடுத்துக் கற்றன. அதனை விளக்குதற்கு ஜெர்மானிய நீர்மூழ்கித் தலைவர் ஹைன்ரிஹ் டிம் என்பாரின் வரலாறு ஏற்றதாகும். வடதுருவக் கடலில் வேட்டையைத் தொடங்கிய அவர் ஈற்றில் நம் இந்துமாக் கடலுக்கே வந்துசேர்ந்தார்.

நீர்மூழ்கி என்றவுடன் எந்நேரமும் நீருக்கடியிலேயே திரியும் கலமெனப் பலர் கருதுவர். அக்காலத்து நீர்மூழ்கி அத்தகையதன்று. நீர்மேல் டீசல் எஞ்சினைக் கொண்டு மணிக்குப் பதினேழு கடல்மைல் வரை அஃது ஓடும். அமிழ்ந்தபின் மின்கலங்களை நம்பியே செல்லவேண்டுதலின், ஏழெட்டுக் கடல்மைலுக்கு மேல் ஓடமாட்டாது. அவ்வேகமும் சிறிது நேரத்திற்கே. மின்கலம் வறண்டால் மேலெழுந்து எஞ்சினை ஓட்டி மீண்டும் மின்னேற்றுதல் வேண்டும். ஆதலின் எட்டு மைல் வேகத்தில் ஊர்ந்துசெல்லும் பழைய சரக்குக் கப்பலைக்கூட அமிழ்ந்தவாறே துரத்திப் பிடித்தல் அதற்கு அரிது. நீர்மேல் விரைந்து முந்திச் சென்று, வழியில் அமிழ்ந்து காத்திருந்து, டார்பிடோ எய்தலே அதன் முறை. வணிகக் கப்பல்கள் பல திரண்டு, போர்க்கப்பல்கள் புடைசூழச் செல்லும் ‘கான்வாய்’ முறை இதனாலேயே பயன்பட்டது. காவற்கப்பல்கள் நீர்மூழ்கியை அழித்தாலன்றிப் பயனில்லை என்பதில்லை. அது தலைதூக்கவொட்டாமல் அழுத்தி வைத்தாலே கான்வாய் கடந்து போய்விடும்.

1941-இல் ஜெர்மனி ருஷ்யாவின்மீது படையெடுத்த பின்னர், நேசநாட்டினர் ஐஸ்லாந்திலிருந்து மர்மான்ஸ்க், ஆர்க்கேஞ்சல் துறைமுகங்களுக்கு டாங்கிகளும் விமானங்களும் உணவும் அனுப்பலாயினர். குளிர்காலத்தில் அக்கடலில் அலைத்துளி கப்பலின்மேற் பட்டவுடன் பனிக்கட்டியாய் உறையும். கோடையில் அங்கே கதிரவன் மறைவதேயில்லை. இருளின்மையால் நீர்மூழ்கி மறைவாக மேலெழவும் இயலாது. கப்பல்கள் விமானங்களின் கண்ணுக்குத் தப்பவும் இயலாது. டிம், யு-251 என்னும் நீர்மூழ்கியின் தலைவராகப் பணியாற்றியது இங்கேதான்.

1942 ஜூலை 4 அன்று பி.க்யூ.17 என்னும் கான்வாய்க்கு லண்டனிலிருந்து ஒரு கட்டளை வந்தது. டிர்பிட்ஸ் என்னும் ஜெர்மானியப் பெரும்போர்க்கப்பல் தாக்க வருகின்றது என்றஞ்சிய கடற்படைத் தலைமையகம், “கலைந்து செல்க” என ஆணையிட்டது. டிர்பிட்ஸோ அக்கான்வாயை நெருங்கவேயில்லை. ஆயினும் கலைந்த கப்பல்கள், மேய்ப்பனிழந்த ஆடுகள்போல் ஒவ்வொன்றாக விமானங்களுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் இரையாயின. இருபத்துநான்கு வணிகக் கப்பல்கள் அழிந்தன. வணிக மாலுமிகள் 153 பேர் மாண்டனர். கப்பல்கள் ஒன்றாய் நின்றிருப்பின் இத்துணை அழிவு நேர்ந்திராது என்பது இன்றும் பலர் கருத்து. யானும் அவ்வாறே எண்ணுகின்றேன்.

இத்துணைப் பெரிய வேட்டையில் டிம்மின் பங்கு யாது? எல் காப்பிடான் என்னும் ஒரே கப்பல். அதுவும் விமானக் குண்டுகளாற் சிதைந்து மாலுமிகள் கைவிட்டுப்போனது. அதற்கிரண்டு திங்கள் முன்னர் அவர் மூழ்கடித்த ஜட்லண்டும் விமானத்தின் டார்பிடோவாற் புண்பட்டுக் கிடந்ததே. யு-251 அவர் தலைமையில் வீழ்த்தியவை இவ்விரண்டே. காவலுடைய கடலில் தேர்ந்த தலைவனுக்கும் கிட்டுவது இவ்வளவே.

இனி அவர் நம் கடலுக்கு வந்ததைக் காண்போம். யு-862 என்னும் புதிய நீர்மூழ்கி, பழையதினும் இருமடங்கு பெரியது. மாதக்கணக்கில் எண்ணெய் நிரப்பாது ஓடவல்லது. 1944 ஜூனில் நார்வேயை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த டிம், ஆகஸ்டு 13 முதல் 19 வரை, ஏழே நாட்களில், மொசாம்பிக் கால்வாய்ப் பகுதியில் ராட்பரி, எம்பயர் லான்சர், நைருங், வேஃபேரர் என்னும் நான்கு கப்பல்களை மூழ்கடித்தார். வடகடலில் இரண்டாண்டு முயன்றும் பெறாததை இங்கே ஒரு கிழமையிற் பெற்றார். திறமை ஒருவாரத்தில் வளர்ந்ததோ? அன்று. காவற்கப்பல்கள் போதாமையால் இந்துமாக் கடலிற் பல கப்பல்கள் தனித்தே ஓடின, அதுவே காரணம். பாய்மரக் கலங்களும் தப்பவில்லை. 1944-இன் தொடக்கத்தில் யு-188 அரபிக்கடற் பக்கத்தில் ஏழு பாய்மரக் கலங்களை வீழ்த்தியது. கொழும்புக்குத் தோணியோட்டிய நம்மூரார்க்கு இது தொலைநாட்டுச் செய்தியாய் இருந்திராது.

பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள் பலவற்றின் கொதிகலன் அறையில் கரியள்ளிப் போட்டவர் ‘லஸ்கர்’ எனப்பட்ட இந்திய மாலுமிகள். சில்ஹெட், சிற்றகாங், கொங்கணம், பஞ்சாப் முதலிய நாட்டினர். டார்பிடோ தாக்கும் இடம் பெரும்பாலும் நீர்மட்டத்திற்குக் கீழுள்ள அவ்வறையே. அப்போரில் இறந்த இந்திய வணிக மாலுமிகள் ஏறத்தாழ ஆறாயிரம் பேரின் பெயர்கள் பம்பாயிலும் சிற்றகாங்கிலும் உள்ள நினைவேடுகளில் எழுதப்பெற்றுள்ளன. வெற்றிபெற்ற தலைவர்களின் வரலாறுகள் பல நூல்களாய் உள்ளன. இவர்க்குள்ளது பெரும்பாலும் பெயர்வரி மட்டுமே.

இந்தியர் இரையாக மட்டும் இருந்திலர். அவ்வாகஸ்டு 12-இல், செஷெல்ஸ் தீவுகளுக்கருகே, இந்தியக் கடற்படையின் ‘கோதாவரி’ என்னும் கப்பல் பிரிட்டிஷ் ‘ஃபிண்ட்ஹார்ன்’ கப்பலுடன் சேர்ந்து யு-198-ஐ அழித்தது. அதிலிருந்த 66 பேரும் மாண்டனர். யு-862-உம் அதே வகைக் கலமே. விமானந்தாங்கிக் கப்பல்களின் துணையோடு கூட்டமாகத் தேடியதன் பயன் இது.

டிம் செப்டம்பர் 9 அன்று, தமிழர் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் பினாங்கை அடைந்தார். அஃது அப்பொழுது ஜப்பானியர் வசமிருந்தது; ஜெர்மானியர் நீர்மூழ்கிகளுக்கும் அங்குத் தங்குமிடம் இருந்தது. பின்னர் ஆஸ்திரேலியப் பக்கஞ் சென்று, டிசம்பர் 25 அன்று ராபர்ட் ஜே. வாக்கர் என்னும் கப்பலையும், நியூஸிலாந்தைச் சுற்றி மீள்கையில், 1945 பிப்ரவரி 6 அன்று பீட்டர் சில்வெஸ்டரையும் வீழ்த்தினார். பின்னது படைவீரரையும் முந்நூற்றுக்கு மேற்பட்ட கோவேறுகழுதைகளையும் ஏற்றிக்கொண்டு கொழும்பை நோக்கி வந்த கப்பல். அதுவும் தனித்தே வந்தது. அதன் படகொன்றில் ஏறியோர் ஏறக்குறைய ஒரு மாதம் கடலில் மிதந்தபின்னரே மீட்கப்பட்டனர்.

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தபொழுது யு-862 சிங்கப்பூரில் நின்றது. ஜப்பானியர் அதனைக் கைக்கொண்டு ஐ-502 எனப் பெயர்மாற்றினர். டிம் உயிர்பிழைத்து நாடுதிரும்பிப் பின்னாளில் மேற்கு ஜெர்மானியக் கடற்படையிலும் பணியாற்றினார். அவருடைய கலத்தை 1946 பிப்ரவரி 13 அன்று பிரிட்டிஷார் மலாக்கா ஜலசந்தியில் மூழ்கடித்தனர்.