காட்சியைக் கட்டும் மனம்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் உள்ள குமணன்சாவடியில், மாலை வேளையில் ஒருவர் சாலையைக் கடக்க நிற்கிறார். முதலில் வலப்புறம் நோக்குகிறார். மஞ்சள் ஆட்டோ, சிவப்புப் பேருந்து, தண்ணீர் லாரி ஆகியன தொலைவில் வருகின்றன. அடுத்து இடப்புறம் திரும்புகிறார். அந்நொடியில் வலப்புறக் காட்சி அவர் கண்ணில் இல்லை. நினைவில் மட்டுமே உள்ளது. அந்நினைவை நம்பியே அவர் காலடி எடுத்து வைக்கிறார். கண்ணைவிட்டு அகன்ற காட்சியைச் சில நொடிகள் ஏந்தி, செயலுக்குப் பயன்படுத்தும் இத்திறனை உளவியலாளர் 'காட்சிச் செயல்நினைவு' என்பர்.

ஒரு பேருந்துக்கு நிறம், வடிவம், அளவு, செல்லும் திசை எனப் பல கூறுகள் உள்ளன. மனம் இவற்றைத் தனித்தனியே சேமிக்கிறதா, 'பேருந்து' என்னும் ஒரே பொருளாகக் கட்டிச் சேமிக்கிறதா? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் ஆகியோர் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு விடை தேடியது.

அவ்வாய்வில் வண்ணச் சதுரங்கள் சில, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே திரையில் காட்டப்பட்டன. ஏறத்தாழ ஒரு நொடி இடைவெளிக்குப்பின் மீண்டும் சதுரங்கள் தோன்றின. அவற்றுள் ஏதேனும் நிறம் மாறியுள்ளதா என்பதைப் பங்கேற்றோர் கூறவேண்டும். மூன்று சதுரங்கள் வரை பிழை அரிதாகவே நேர்ந்தது. நான்கு முதல் எண்ணிக்கை கூடக்கூடப் பிழையும் பெருகியது. பின்னர்ச் சதுரங்களுக்கு மாற்றாக, நிறம், அளவு, சாய்வு, இடைவெளி என நான்கு கூறுகள் கொண்ட கோடுகள் காட்டப்பட்டன. நான்கு கோடுகளில் அமைந்த பதினாறு கூறுகளையும், நான்கு தனிக்கூறுகளை நினைவிற்கொண்ட அளவிற்கே பங்கேற்றோர் நினைவிற்கொண்டனர்.

உதிரிப்பூக்களைக் கையில் அள்ளினால் சிலவே தங்கும். சரமாகத் தொடுத்தால் பல பூக்கள் ஒரு கையில் அடங்கும். கூறுகளைப் பொருளாகத் தொடுக்கும் மனமும் அவ்வாறே தன் சிறிய இடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது.

எனினும் இச்சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. ஒரே சதுரத்தில் இரு நிறங்கள் அமைந்தபோது அவற்றை ஒன்றாகக் கொள்ள இயலவில்லை எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஒரு பொருளில் நினைவிற்கொள்ள வேண்டிய கூறுகள் மிகுந்தால், ஒவ்வொன்றின் துல்லியமும் குறைகிறது. மேலும், கூறுகளைப் பிணைக்கக் கவனம் இன்றியமையாதது. கவனம் சிதறும்போது ஒன்றன் நிறத்தை மற்றொன்றன் வடிவத்தோடு பிணைத்து, இல்லாத பொருளையே கண்டதாக மனம் கொள்ளக்கூடும் என்பதை உளவியலறிஞர் ஆன் டிரீஸ்மன் தம் ஆய்வுகளால் நிறுவினார்.

குமணன்சாவடியில் நிற்பவருக்கு இவ்வுண்மை உயிர்காக்கும் அறிவாகும். ஆட்டோ, பேருந்து, லாரி ஆகியவற்றை நினைவில் ஏந்தியவருக்கு, அவற்றின் பின்னே வந்த இருசக்கர வாகனம் நினைவில் தங்காமற்போகலாம். கைப்பேசியில் கவனம் சென்றால் தங்கியவையும் குழம்பலாம். நினைவிலுள்ள பேருந்து பார்த்த இடத்திலேயே நிற்கும். சாலையிலுள்ள பேருந்தோ நெருங்கிக்கொண்டிருக்கும். ஆதலால்தான் வலப்புறமும் இடப்புறமும் நோக்கியபின், மீண்டும் வலப்புறம் நோக்கிக் கடக்குமாறு சாலைவிதி கற்பிக்கப்படுகிறது. நினைவின் எல்லையை அறிந்தவர், இரண்டாம் முறை நோக்கத் தயங்கார்.