உங்கள் ஊரின் வரலாறு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது: தேடுவது எப்படி, படிப்பது எப்படி?

ஊர் வரலாறு எழுத நினைக்கும் பள்ளி ஆசிரியரோ கல்லூரி மாணவரோ முன்பெல்லாம் சென்னை எழும்பூருக்கு வந்தாக வேண்டும். கன்னிமரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் அங்கேதான் இருக்கின்றன. பயணச் செலவு, தங்குமிடம், அனுமதிக் கடிதம் என்று யோசித்தே பலர் அந்த ஆசையைக் கைவிட்டார்கள். இன்று அந்தப் பழைய நூல்களில் கணிசமானவை மின்னுருவாக்கப்பட்டு, கைபேசியிலேயே படிக்கக் கிடைக்கின்றன. இருந்தும் தலபுராணத்தையும் செவிவழிச் செய்தியையும் தாண்டாத ஊர் வரலாறுகளே இன்னமும் அதிகம் அச்சாகின்றன. எதை எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர ஆளில்லாததுதான் காரணம்.

எங்கே கிடைக்கும்?

தமிழ் நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் முதல் இடம். ஆங்கிலேயர் காலத்து மாவட்ட நூல்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ். இந்திய நூலகங்களில் வருடி எடுக்கப்பட்ட ஏராளமான பழைய புத்தகங்களும் அங்கே சேர்ந்திருக்கின்றன. இலங்கைத் தமிழர் வரலாற்றைத் தேடுவோர் 2005 முதல் இயங்கும் 'நூலகம்' தளத்துக்குப் போகலாம். அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைப் படமெடுத்துக் காக்க பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் திட்டத்திலும் தமிழகத்துச் சேகரிப்புகள் உண்டு.

இவற்றை இலவசமாகத் தர முடிவதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவருடைய நூல் பொதுச்சொத்து. அரசு வெளியீடு என்றால், வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்.

எதில் தொடங்குவது?

சந்தேகமே வேண்டாம், ஆங்கிலேயர் ஆட்சியில் மாவட்ட வாரியாக எழுதப்பட்ட விவர நூலான மாவட்ட மேனுவலில் தொடங்குங்கள். மதுரைக்கு நெல்சன் எழுதியது 1868-இல் வந்தது. திருநெல்வேலிக்கு ஸ்டூவர்ட் எழுதியது 1879, தஞ்சாவூருக்கு வெங்கசாமி ராவ் எழுதியது 1883, கோயம்புத்தூருக்கு நிக்கல்சன் எழுதியது 1887. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை அடியொற்றி மாவட்ட கெசட்டியர்கள் வந்தன.

1906-இல் வெளிவந்த பிரான்சிஸின் மதுரை கெசட்டியரைத் திறந்து பாருங்கள். நில அமைப்பு, அரசியல் வரலாறு, மக்கள், வேளாண்மையும் பாசனமும், காடு, தொழில், சாலை, மழை, நோய், கல்வி, நிலவரி என்று அத்தியாயங்கள் போகும். பெரியாற்றில் அணை கட்டி, மலையைக் குடைந்து, வைகைக்குத் தண்ணீர் கொண்டுவந்த கதை பாசன அத்தியாயத்தில் இருக்கிறது. அணை திறந்தது 1895-இல். ஆக, பதினோரு ஆண்டுக்குள் எழுதப்பட்ட விவரம் அது. ஊர் வரலாறு தேடுவோருக்கான புதையல் கடைசி அத்தியாயம். அதில் தாலுகா வாரியாக முக்கிய ஊர்களுக்குத் தனித்தனிக் குறிப்பு உண்டு. கோட்டை, கோயில், சந்தை, சத்திரம் எதுவானாலும் அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

ஊர்க் கோயிலில் கல்வெட்டு இருந்தால் அடுத்து எடுக்க வேண்டியது ரங்காச்சார்யா தொகுத்து 1919-இல் வெளியான கல்வெட்டுப் பட்டியல். சென்னை மாகாணக் கல்வெட்டுகளை மாவட்டம், தாலுகா, ஊர் என்று பிரித்து மூன்று தொகுதிகளில் அடுக்கியிருக்கிறார். எந்த அரசன் காலம், யார் எதைக் கொடையாகக் கொடுத்தார் என்று ஓரிரு வரியில் சுருக்கம் இருக்கும். 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் பல கல்வெட்டுகளின் முழுப் பாடத்தையும் படிக்கலாம்.

தேடியும் கிடைக்கவில்லையா?

பெரும்பாலும் மாவட்டம் மாறியிருக்கும். சிவகாசி 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது 1985-இல். கரூர் 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்து ஊர்; பிறகுதான் திருச்சியோடு சேர்ந்தது. கரூர்க்காரர் திருச்சி மேனுவலைப் புரட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். அவருக்கு வேண்டியது நிக்கல்சனின் கோயம்புத்தூர் மேனுவல்.

ஆங்கில எழுத்துக்கூட்டலும் சிக்கல் தரும். திருநெல்வேலி டின்னவேலியாகவும் திருச்சிராப்பள்ளி டிரிச்சினாப்பொலியாகவும் காஞ்சிபுரம் காஞ்சீவரமாகவும் இருக்கும். சிற்றூர்ப் பெயர்கள் நூலுக்கு நூல் மாறும். நான்கைந்து விதமாக எழுதித் தேடுவது நல்லது. பழைய தமிழ் அச்சைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. அதனால் தமிழ் நூல்களில் தேடல் பெட்டியை நம்பாமல், பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி.

யார் எழுதினார், எதற்காக?

கிடைத்ததையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேனுவலும் கெசட்டியரும் வரி வசூலித்து ஆட்சி நடத்திய நிர்வாகத்தின் தேவைக்காக எழுதப்பட்டவை. நிலத்தின் தரம், கிணறு, தீர்வை ஆகியவற்றை நுணுக்கமாகப் பதிந்தவர்கள், சாதிகளைப் பற்றி எழுதும்போது ஒரு சமூகத்தையே ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடுவார்கள். அதே மதுரை கெசட்டியர் கள்ளர் சமூகத்தைத் திருட்டோடு சேர்த்தே பேசியது. அரசின் அந்தப் பார்வை ஏட்டோடு நிற்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அச்சமூகத்தின் ஒரு பிரிவினரான பிரமலைக் கள்ளர்கள் மீது, ஒரு சமூகத்தையே குற்றவாளிகளாகப் பதிவு செய்யும் குற்றப் பழங்குடியினர் சட்டம் பாய்ந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டுக் கொன்றனர். அந்தப் பக்கங்களை இன்று மேற்கோள் காட்டுவோர் இதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

மறுபக்கத்துக் குரலும் கிடைக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வரவு, வியாபாரம், போர், கவர்னர் வீட்டுப் பேச்சு எல்லாம் அதில் உண்டு. அதிகாரி எழுதியதையும் உள்ளூர்க்காரர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் உண்மை பிடிபடும்.

நம் பங்கு

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை மீளவே இல்லை. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கிரயப் பத்திரம், கடைக் கணக்கு நோட்டு, கோயில் வரவு செலவு, பழைய கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றுக்கும் வேறு பிரதி கிடையாது. அவற்றைக் கறையான் தின்னுமுன் படமெடுத்து, தேதியும் ஊரும் குறித்து, மின்னூலகம் நடத்துவோரிடம் ஒப்படைக்கலாம். மேனுவல் எழுதியவர்கள் பார்க்காத ஊர் அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது.

கும்பாபிஷேக மலரிலும் பள்ளி நூற்றாண்டு மலரிலும் ஊர் வரலாறு எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். எந்த நூல், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்பதைக் கட்டுரையிலேயே அச்சிடுங்கள். மூல நூல் எல்லோர் கைக்கும் எட்டிவிட்ட காலத்தில், நீங்கள் எழுதியதைப் படிக்கும் ஒரு மாணவி அதைத் தானே சரிபார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தலாம், நீங்கள் விட்ட இடத்திலிருந்து மேலே எழுதலாம்.