மோக்லியாக நடித்த மைசூர்ப் பையன்

மோக்லி என்றால் நம் வீட்டு வாண்டுகளுக்குக் கொள்ளை ஆசை. 1942-லேயே ஹாலிவுட் ‘ஜங்கிள் புக்’கில் மோக்லியாக நடித்தவர் நம் நாட்டு சாபு!

1924-ல் மைசூர் ராஜ்யத்தில் யானைப் பாகன் மகனாகப் பிறந்தவர். தாயும் தகப்பனும் சின்ன வயசிலேயே போய்விட்டார்கள். 1937-ல் ‘எலிபெண்ட் பாய்’ படம் அவரை உலகறியச் செய்தது. 1944-ல் அமெரிக்கக் குடிமகனானார். போர் விமானத்தில் பணியாற்றிப் பதக்கமும் பெற்றார். மனைவி, இரண்டு குழந்தைகள்... 1963 டிசம்பர் 2-ல் மாரடைப்பு. வயசு 39தான்!

மாத்தூரிலிருந்து மணலி, எண்ணூர் என்று ஷிப்டுக்கு ஓடும் நம் வீட்டு ஆண்களும், “எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்” என்பார்கள். நம்பிவிடாதீர்கள், சகோதரிகளே! ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வெளியே தெரியாது. முப்பது தாண்டினால் பரிசோதனை அவசியம். நெஞ்சு வலித்தால், ‘வாயுதானே’ என்று சோடா கொடுத்துக் காத்திராமல், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.