மின்சாரம் போனாலும் மறக்காத சிப்

சில மாதங்களுக்கு முன் இரவு வேலையின்போது எங்கள் தொழிற்சாலையில் மின்சாரம் நின்றுவிட்டது. திரும்பி வந்ததும் இயந்திரம் விட்ட இடத்திலிருந்தே எண்ணத் தொடங்கியது. எப்படி மறக்கவில்லை என்று மெக்கானிக்கைக் கேட்டேன். உள்ளே இருந்த ஒரு சிறிய சிப்பைக் காட்டினார். நான் ஓ.எல். உடன் படிப்பை விட்டவன். ஆனாலும் விடாமல் தேடி வாசித்தேன்.

அந்தச் சிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையைச் சுற்றியும் மின் கடத்தாத சுவர். மின்னழுத்தம் கொடுத்து இலத்திரன்களை உள்ளே தள்ளிவிட்டால், மின்சாரம் நின்றாலும் அவை வருடக்கணக்காக அங்கேயே கிடக்கும். இலத்திரன் நிறைந்த அறை பூச்சியம், வெறும் அறை ஒன்று. எமது கைத்தொலைபேசியில் உள்ள படமெல்லாம் இந்த இரண்டும்தான்.

முன்பும் இப்படியான சிப்கள் இருந்தன. ஆனால் சிலவற்றை அழிக்க ஊதாக்கடந்த ஒளி வேண்டும், மற்றவை விலை கூடியவை. யப்பானின் ரொஷிபா கம்பனியில் வேலை செய்த புஜியோ மசுவோக்கா என்ற பொறியியலாளர், பல அறைகளை ஒரே தடவையில் அழிக்கும் முறையைக் கண்டுபிடித்து 1984இல் சன் பிரான்சிஸ்கோ மாநாட்டில் வெளியிட்டார். கமெராவின் மின்னல் வெளிச்சம்போல் சட்டென அழிவதால் சக ஊழியர் ஒருவர் வைத்த பெயர்தான் 'பிளாஷ்'. 1987இல் இன்னும் மலிவான 'நான்ட்' வகையும் வந்தது. ஆனால் 1988இல் பிளாஷ் சிப்பைச் சந்தையில் பெரிதாக விற்கத் தொடங்கியது அமெரிக்காவின் இன்ரெல்!

மசுவோக்கா 1994இல் கம்பனியை விட்டு தொஹோக்கு பல்கலைக்கழகத்துக்குப் போனார். தன் உழைப்புக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று 2004இல் ஒரு பில்லியன் யென் கேட்டு வழக்குப் போட்டார். 2006இல் 87 மில்லியன் யென்னுடன் சமரசமாக முடிந்தது. (நாங்கள் நல்ல யோசனை சொன்னால் ஒரு கோப்பிக் குவளை கிடைக்கும். அதிலும் கம்பனிப் பெயர்தான் இருக்கும்!)

ரொஷிபா பின்னர் அமெரிக்க அணுமின் தொழிலில் பெரும் நட்டப்பட்டு, 2018இல் இந்தச் சிப் பகுதியையே விற்றது. 2019 முதல் அதன் பெயர் கியோக்சியா. 'கியொக்கு' என்றால் யப்பானிய மொழியில் ஞாபகம்.

ஒன்று கவனியுங்கள். எழுதி எழுதி அழிக்க அந்தச் சுவர் தேயும், இலத்திரன்களும் மெல்ல மெல்லக் கசியும். ஊரிலிருந்து கொண்டுவந்த அல்பத்தைப் பிரதி எடுத்து, ஒரேயொரு யூ.எஸ்.பி.யில் போட்டு லாச்சிக்குள் வைத்திருந்தேன். இப்போது இன்னும் இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன். அம்மாவின் படத்தை மட்டும் கடையில் கொடுத்துத் தாளிலும் எடுப்பித்தேன்.