கொல்லைக்கு இரும்புக் கேட்: அடிக்கணக்கு வேண்டாம், எடைக்கணக்கு பாருங்கள்

ஆடிப் பட்டத்தில் விதைத்த மணிலா முளைத்து நான்கு இலை விட்டிருக்கும் சமயம், ஒரு பட்டி ஆடு உள்ளே புகுந்தால் அரை மணி நேரத்தில் அந்தப் போகமே போய்விடும். சுற்றிலும் வேலி பலமாக இருந்தும், வாசலில் வைத்த மூங்கில் படல் இற்றுப் போயிருந்தால் இந்த இழப்பு நேரும். இதனால்தான் சிறு விவசாயிகள் பலரும் கொல்லை வாசலுக்கு இரும்புக் கேட் போட விரும்புகிறார்கள்.

செங்கம், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்கு வருவோர், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் உள்ள வீடுகளிலும் விடுதிகளிலும் பூவும் சுருளும் ஈட்டிமுனையும் வைத்த கேட்டுகளைப் பார்க்கிறார்கள். அதே போன்ற 'ராட் அயர்ன்' கேட் வேண்டும் என்று பட்டறையில் கேட்கிறார்கள். மணிலா விற்ற பணத்தையோ, வட்டிக்கு வாங்கிய பணத்தையோ கொடுக்கும் முன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

தேனிரும்பு இப்போது இல்லை

'ராட் அயர்ன்' என்பதற்குத் தமிழில் தேனிரும்பு என்று பெயர். கரிச்சத்து மிகக் குறைந்து, கசடு நார் நாராக ஓடியிருக்கும் இரும்பு இது. அடித்து வளைக்க எளிது. இங்கிலாந்தில் போல்டன் நகரிலிருந்த கடைசித் தேனிரும்பு ஆலை 1973-ல் மூடப்பட்டது. இன்று அந்தப் பெயரில் பட்டறைகளில் செய்து தருவதெல்லாம் சாதாரண மென் எஃகுக் கம்பியே. அதன்மேல் பற்றவைக்கும் பூவும் ஈட்டிமுனையும் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. மாடு முட்டினாலோ, டிராக்டர் இடித்தாலோ வார்ப்பிரும்பு வளையாது, உடைந்துவிடும். ஆகவே பெயருக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஒரே அளவு, வேறு வேறு எடை

பட்டறைகளில் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசுவது வழக்கம். ஏமாற்றம் இங்குதான் தொடங்குகிறது. 10 அடி அகலம், 5 அடி உயரமுள்ள இரட்டைக் கதவுக் கேட்டை எடுத்துக்கொள்வோம். பரப்பு 50 சதுர அடி.

இதற்கு 40 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஆங்கிளில் சட்டமும் குறுக்குச் சட்டமும் அமைத்து, 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பிகளை 4 அங்குல இடைவெளியில் வைத்தால், இரு கதவும் சேர்ந்து சுமார் 96 கிலோ இருக்கும். அதே கேட்டை 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஆங்கிளிலும் 8 மில்லிமீட்டர் உருட்டுக் கம்பியிலும் செய்தால் எடை சுமார் 35 கிலோதான். வண்ணம் பூசி நிறுத்திவிட்டால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

கணக்குக்காகச் சதுர அடிக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் விலை 10,000 ரூபாய். முதல் கேட்டில் கிலோ 104 ரூபாய் ஆகிறது. இரண்டாவதில் 286 ரூபாய்! எனவே ஆங்கிள், கம்பி இவற்றின் அளவை முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, கிலோக் கணக்கில் விலை பேச வேண்டும். வெட்டுக்கூலி, வெல்டிங், வண்ணம், ஏற்றுக்கூலி ஆகியவை அந்த விலையில் அடங்குமா என்பதையும் கேட்க வேண்டும். கேட் முடிந்ததும் எடைமேடையில் நிறுத்துப் பார்ப்பது அவசியம்.

எடையை வீட்டிலேயே கணக்கிடலாம். உருட்டுக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். சதுரக் கம்பியானால் 127-ஆல் வகுக்க வேண்டும்.

அமைப்பில் கவனிக்க வேண்டியவை

கீல் பக்கத்துக் கீழ் மூலையிலிருந்து எதிர்ப்பக்க மேல் மூலைக்குச் சாய்வாக ஓர் ஆங்கிள் கொடுக்க வேண்டும். இது இல்லாத கேட் நாளடைவில் தொங்கித் தரையில் உரசும். ஆட்டுக்குட்டி நுழையாமலிருக்க, கீழ்ப்பாதியில் மட்டும் கம்பிகளை நெருக்கமாக வைத்தால் போதும். முழுவதும் நெருக்கினால் வீண் செலவு. ஒரு கீலைத் தலைகீழாக வைத்துவிட்டால் கேட்டைத் தூக்கிக் கழற்றித் திருட முடியாது. ஈட்டிமுனை கால்நடையின் வயிற்றையும் கண்ணையும் கிழிக்கும்; கொல்லைக்கு அது கூடாது.

தூணுக்குக் கருங்கல் கால் மிகவும் ஏற்றது, அது துருப்பிடிக்காது. இரும்புத் தூண் நடுவதானால், அடியில் போடும் கான்கிரீட் தரைமட்டத்துக்கு மேல் சற்று உயர்ந்து, நீர் வழிந்தோடும்படி சரிவாக இருக்க வேண்டும். தூணும் தரையும் சேரும் இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். குழாயில் செய்த கேட்டானால் மேல் வாய்களை அடைத்து, அடியில் நீர் வடியச் சிறு துளை விட வேண்டும்.

துருவிலிருந்து காப்பு

புதுக் கேட்டிலுள்ள துருவையும் வெல்டிங் கசடையும் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கிய பிறகே ரெட் ஆக்சைடு இரண்டு கை பூச வேண்டும். அது நன்கு காய்ந்தபின் எனாமல் இரண்டு கை பூசலாம். துருவின் மேலேயே வண்ணம் அடித்தால் ஒரு மழைக்காலத்திற்குள் உரிந்துவிடும். நாகமுலாம் பூசிய குழாயில் வெல்டிங் செய்த இடத்தில் முலாம் எரிந்துபோகும். அந்த இடங்களுக்கு மறக்காமல் வண்ணம் பூச வேண்டும்.

கால்நடைகள் கேட்டை நக்கும் பழக்கமுடையவை. ஈயம் கலந்த பழைய வண்ணங்கள் அவற்றுக்கு நஞ்சு. வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் 10 லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. டப்பாவில் இதைப் பார்த்து வாங்க வேண்டும்.

உர மூட்டைகளைக் கேட்டில் சாய்த்து வைக்கக் கூடாது. பொட்டாஷும் அமோனியம் சல்பேட்டும் ஈரத்தில் கரைந்து இரும்பை அரிக்கும். மாட்டுக்கொட்டகைக் கேட்டின் அடிப்பகுதியில் படும் சாணத்தையும் கோமியத்தையும் அவ்வப்போது கழுவிவிட வேண்டும்.

ஆண்டுதோறும் சித்திரை வெயிலில், துருப் பிடித்த இடத்தை மட்டும் தேய்த்து வண்ணம் தொட்டு, கீலுக்கு எண்ணெய் விட்டு வந்தால், பூ வேலை ஏதுமில்லாத கேட்டே மகன் காலத்திலும் கொல்லையைக் காக்கும்.